தண்டல் வாங்கிக் கொடுத்த காணிக்கை

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். அம்மா மீன் விற்கிறார். அப்பா பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். எங்கள் சபையில் புது ஆலயம் கட்டுகிறார்கள். யார் எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள் என்று ஆராதனையில் பேர் வாசிப்பார்கள். அம்மா பத்தாயிரம் என்று பேர் கொடுத்துவிட்டார். மீன்பிடித் தடைக்காலத்தில் வியாபாரம் இல்லாததால் எனக்குத் தெரியாமல் பத்தாயிரம் தண்டல் (தினமும் வசூலிக்கிற வட்டிக் கடன்) வாங்கி, கைக்கு வந்த எட்டாயிரத்து ஐந்நூறோடு வீட்டில் இருந்ததையும் போட்டுக் கட்டிவிட்டார். இப்போது தினமும் நூறு ரூபாய் கட்டுகிறார். அப்பாவின் பிசியோதெரபி நின்றுவிட்டது. கேட்டால், "கர்த்தருக்குக் கொடுத்ததற்குக் கணக்குப் பார்க்காதே" என்கிறார். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காதவர்களுக்குச் சாபம் என்று போதகரும் சொல்கிறார். எனக்குச் சபைமேலேயே வெறுப்பு வருகிறது. என் விசுவாசம் குறைந்துவிட்டதா அக்கா?

- காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இல்லை. படுத்திருக்கும் அப்பாவை நினைத்துக் கேட்கிற கேள்வி அவிசுவாசம் ஆகாது.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடியில் எங்கள் சபையில் ஒன்பது வருடம் காணிக்கை எண்ணியிருக்கிறேன். ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரி (ஆலயத்தை ஒட்டிய அறை) மேசையில் காணிக்கைப் பைகளைக் கவிழ்ப்போம். இரண்டு பேர் எண்ணி, நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மீன் விற்கிற அம்மாக்கள் போடுகிற பத்து ரூபாய் நோட்டு தனியாகத் தெரியும். சுருட்டி இடுப்பில் செருகிய நோட்டு, ஈரம் போகாமல், சில சமயம் ஒரு செதிலும் ஒட்டிக்கொண்டு வரும். விரித்து ஃபேனுக்கு அடியில் காயவைத்துத்தான் எண்ணுவோம். அந்த நோட்டுகளைக் கையில் தொட்ட எனக்கு, ஏழைகள் கொடுப்பதை ஏமாளித்தனம் என்று யார் சொன்னாலும் கோபம் வரும். ராயபுரத்தில் ராயப்பர் கோவில் இருக்கிறதே (பேதுருவுக்குத்தான் ராயப்பர் என்று பேர்), அதை இருநூறு வருடம் முன்னால் எழுப்பியது படகுக்காரர்களின் உழைப்புக் காசு. அம்மாவின் ஆசை அந்த வழியில் வந்த ஆசைதான். அவரிடம் சண்டை போடாதீர்கள்.

ஆனால் தண்டல் வேறு விஷயம். தண்டல்காரன் பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தான். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் காணிக்கைப் பையில் விழுவதற்கு முன்பே அவன் மடிக்குப் போய்விட்டது. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தண்டல் 100 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாத நாளில், மார்க்கெட்டுக்கு மீனே சரியாக வராத நாளில், அம்மா தினமும் நூறு ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். இதைக் கர்த்தர் கேட்டாரா?

பவுல் கொரிந்து சபையில் பணம் சேர்க்கச் சொன்னபோது எழுதினது, "தன் தன் வரவுக்குத் தக்கதாக" என்று. வரவு இல்லாத மாதத்தில் அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று காசிமேட்டுக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த நிருபத்தில் இன்னும் தெளிவாகச் சொல்கிறார்: இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்பதும் அங்கேதான் இருக்கிறது. நூறு பேர் நடுவில் பேர் வாசிப்பது கட்டாயம் தம்பி. பக்கத்து பெஞ்சுக்காரி ஐயாயிரம் என்றால் நம்மால் இரண்டாயிரம் என்று சொல்ல வாய் வராது. எங்கள் சபையிலும் ஒரு காலத்தில் வாசித்தார்கள். அந்தப் பட்டியலை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அது தப்பு என்று இன்று நினைக்கிறேன்.

சாபம் என்று போதகர் சொல்வது வேதத்தில் மல்கியா மூன்றாம் அதிகாரத்தை வைத்து. அது அங்கே இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஆனால் தசமபாகத்தைப் பண்டசாலைக்கு ஏன் கொண்டுவரச் சொல்கிறார்? "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி." உபாகமம் 14 இல், மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை வாசலிலேயே வைக்கச் சொல்கிறது. லேவியனும் (ஆலய ஊழியக்காரன்) பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிடுவதற்கு. மல்கியாவின் அதே அதிகாரத்தில் ஐந்தாம் வசனம், கூலிக்காரனையும் விதவையையும் ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாகக் கர்த்தர் சாட்சியாக வருவேன் என்கிறார். பத்தாம் வசனத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் ஐந்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

அப்பாவின் பிசியோதெரபிக்கு இயேசுவே பதில் சொல்லியிருக்கிறார். மாற்கு ஏழாம் அதிகாரத்தைப் பாருங்கள். அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவுகிறவர்களைக் கடிந்துகொண்டார். தேவவசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்றார்.

எங்கள் ஆயா சமையலுக்கு அரிசி அளந்ததும் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது சபைக்குப் போகும். 1996 இல் பின்னி மில் மூடியபோது எங்கள் அப்பாவுக்கு வேலை போனது. மாதச் சந்தாவும் பாக்கி விழுந்தது. ஒரு சாயங்காலம் சபைப் பொருளாளர் வீட்டுக்கு வந்தார். சந்தா கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அப்பா பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டார். வந்தவர் சைக்கிள் கேரியரிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். பல நிற அரிசி. புழுங்கல், பச்சை, ரேஷன் எல்லாம் கலந்து கிடந்தது. அதில் ஆயா போட்ட கைப்பிடியும் இருந்திருக்கும். உக்கிராணத்துவம், அதாவது தேவன் நம்மிடம் ஒப்படைத்ததைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வது, என்ற வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூட்டைதான் ஞாபகம் வருகிறது.

உக்கிராணக்காரன் உண்மையுள்ளவன் என்று காணப்பட வேண்டும் என்கிறது வேதம். அது கொடுக்கிற நமக்கு மட்டும் அல்ல, வாங்கி வைத்திருக்கிறவர்களுக்கும்தான். பவுலே தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது, யாரும் குறை சொல்லாதபடி வேறு சகோதரர்களையும் கூட அனுப்பினார், கர்த்தருக்கு முன்பாக மாத்திரம் அல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க. அதனால் கணக்குக் கேட்பது பாவம் இல்லை. உங்கள் சபை சங்கமாகப் பதிவானது என்றால், 1975 ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருடாந்தரக் கூட்டத்தில் வரவு செலவை வைத்தாக வேண்டும். போய் உட்காருங்கள். கட்டிடத்துக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, ஏழைக் குடும்பங்களுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் சொல்ல மறுத்தால் அப்புறம் அங்கே கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்னால் போதகரைத் தனியாகப் பார்த்து அப்பாவின் நிலைமையைச் சொல்லுங்கள். தண்டல் வாங்கிய விஷயம் அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

அம்மாவிடம் ஒன்றும் பேச வேண்டாம். தண்டல்காரன் எத்தனை மணிக்கு வருகிறான் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நாளை முதல் அந்த நூறு ரூபாயை உங்கள் கூலியிலிருந்து நீங்கள் கட்டுங்கள். அம்மாவிடம் மிஞ்சுகிற நூறு ரூபாயில் அப்பாவின் பிசியோதெரபியை மறுபடி ஆரம்பியுங்கள். நூறு நாள் முடியும்வரை தசமபாகம் கொடுக்கவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை பையில் ஒரு பத்து ரூபாய் போடுங்கள். அதை எண்ணுகிறவர்கள் காயவைத்து எண்ணுவார்கள்.

அன்புடன்,
அக்கா