வீடு மாறினால் தண்ணீர் பில் யார் தலையில்? – வாசகர் கேள்வி பதில்

வீடு மாறுவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். சாமான் கட்டுவது, வண்டி பிடிப்பது பற்றிக் கேட்பார்கள் என்று பார்த்தால் வந்த கடிதங்களில் தண்ணீர் மீட்டர் தகராறுதான் அதிகம். சரி, இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: மாத நடுவில் வாடகை வீட்டைக் காலி செய்தேன். 5 நாள் கழித்து வேறு குடும்பம் குடிவந்தது. இப்போது இரண்டு மாதத் தண்ணீர் பில் முழுவதையும் என்னைக் கட்டச் சொல்கிறார் வீட்டுக்காரர். கணக்கு இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. போகும்போது ரீடிங் எடுக்கவில்லை.

கணக்கு உங்கள் பெயரில் இருக்கும்வரை பில்லும் உங்கள் பெயருக்குத்தான் வரும், குழாயைத் திறந்தது யார் என்று தண்ணீர் அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? அதனால் முதல் வேலையாக இன்றே, காலி செய்த தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், சாவி ஒப்படைத்ததற்கு வீட்டுக்காரர் அனுப்பிய குறுஞ்செய்தி ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து. இதைத் தள்ளிப்போட்டால் அடுத்த பில்லும் உங்களுக்கே வரும்.

அப்புறம் பங்கு பிரிப்பது. எல்லோரும் செய்வது நாள் கணக்கு: 60 நாளுக்கு 24 யூனிட் (ஒரு யூனிட் என்பது இங்கே 1000 லிட்டர்) என்றால் நாளுக்கு 0.4 யூனிட், நீங்கள் இருந்தது 20 நாள், ஆகவே 8 யூனிட். சுலபம்தான், ஆனால் நீங்கள் இரண்டு பேராகவும் வந்தவர்கள் ஆறு பேராகவும் இருந்தால் அது நியாயம் இல்லை. இதைவிட நல்ல வழி இருக்கிறது. புதிதாக வந்தவர்களிடம் இன்றைக்கு ஒரு ரீடிங், ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் இன்னொரு ரீடிங் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அவர்களுடைய ஒரு நாள் செலவு தெரிந்துவிடும். அது 0.5 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வீடு பூட்டிக் கிடந்த 5 நாள் போக அவர்கள் இருந்த 35 நாளுக்கு 17.5 யூனிட், மிச்சம் 6.5 யூனிட் உங்களுடையது. வெள்ளையடிப்பு, கழுவல் என்று நடுவில் வீட்டுக்காரர் தண்ணீர் செலவழித்திருந்தால் அதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொள்வாரா என்பது உங்கள் இருவர் உறவைப் பொறுத்தது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. செலவு ஏற ஏற யூனிட் விலையும் ஏறுகிற கட்டண முறை பல இடங்களில் இருக்கிறது. உங்கள் செலவு மட்டும் என்றால் கீழ்ப்படியிலேயே நின்றிருக்கும், இரண்டு குடும்பத்துச் செலவும் ஒரே பில்லில் சேர்ந்ததால் மேல்படிக்குப் போயிருக்கலாம். யூனிட்டை மட்டும் பிரித்து மொத்தத் தொகையை அதே விகிதத்தில் போட்டால் அந்த மேல்படிச் சுமையில் ஒரு பகுதி உங்கள் தலையில் விழும். கழிவுநீர்க் கட்டணத்தைத் தண்ணீர் அளவை வைத்தே கணக்கிடும் ஊர் என்றால் இதே தவறு இரண்டு தடவை நடக்கும். நிலைக் கட்டணத்தை, அதாவது எவ்வளவு செலவழித்தாலும் மாறாத தொகையை மட்டும், நாள் கணக்கில் பிரிப்பது சரி.

இனி காலி செய்யப் போகிறவர்களுக்கு: ரீடிங் எடுக்க வேண்டியது வண்டி கிளம்பும்போது அல்ல, கடைசி வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவி முடித்து, சாவி கை மாறும் நேரத்தில். படத்தில் மீட்டரின் எண்ணும் ரீடிங்கும் சேர்ந்து தெரிய வேண்டும், வெறும் ரீடிங் மட்டும் இருந்தால் அது எந்த மீட்டர் என்று கேட்பார்கள். அன்றைக்கே வீட்டுக்காரருக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பிவிடுங்கள். பத்து நாள் கழித்து அனுப்பும் படத்துக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. கணக்கை முடிக்க எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும், அதை வீடு பார்க்கத் தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள். இறுதி பில் அனுப்பப் புது முகவரியைக் கொடுங்கள். வங்கியிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாட்டை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், இறுதி பில்லுக்கான பணம் போன பிறகு நிறுத்துங்கள், ஆனால் மறக்காமல் நிறுத்துங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காமல் அது தானாகத் திரும்பி வரும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: மீட்டரில் கறுப்பு எண்கள், சிவப்பு எண்கள், குட்டி முள் வட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. எதை எழுதுவது?

கன மீட்டரில் அளக்கும் சாதாரண மீட்டர் என்றால் கறுப்பு எண்கள்தான் பில்லுக்கு. சிவப்பு எண்களும் சிவப்பு முள்களும் ஒரு கன மீட்டருக்குக் குறைவானவை. 00482 என்று கறுப்பிலும் 371 என்று சிவப்பிலும் இருந்தால் 482 கன மீட்டரும் 371 லிட்டரும் ஓடியிருக்கிறது. ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர், பில்லில் கிலோ லிட்டர் என்று போட்டிருந்தாலும் அதேதான். சிவப்பையும் சேர்த்து 482371 என்று எழுதிக் கொடுத்தால் கணக்கு ஆயிரம் மடங்கு ஏறிவிடும். ஓர் எண் பாதி சுழன்று இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றால் சிறிய எண்ணை எடுங்கள், 9-க்கும் 0-க்கும் நடுவில் என்றால் 9. காலன் கணக்கில் ஓடும் மீட்டர்களும் உண்டு, முகப்பில் எந்த அலகு அச்சிட்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பனி படிந்திருந்தால் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள், நேராக அடித்தால் படத்தில் வெளிச்சம்தான் விழும்.

கேள்வி: பழைய வீடு ஒன்றை வாங்கப் போகிறோம். முந்தைய உரிமையாளர் தண்ணீர்க் கட்டணம் பாக்கி வைத்திருந்தால் அது எங்களைச் சேருமா?

சில இடங்களில் பாக்கி ஆளோடு போகும், சில இடங்களில் இணைப்போடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர் தலையில் விழும். உங்கள் இடத்தில் எப்படி என்பதைப் பதிவுக்கு முன்பே அலுவலகத்தில் கேளுங்கள். நிலுவை இல்லை என்று எழுத்தில் வாங்கித் தரச் சொல்லி விற்பவரிடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, மறுத்தால்தான் யோசிக்க வேண்டும். கடைசி பில்லுக்குப் பிறகு ஓடிய தண்ணீருக்கும் ஒரு தொகை வரும், அதைக் கடைசித் தவணையில் பிடித்துவைத்து பில் வந்ததும் தீர்த்துக்கொள்வது நல்லது. பெயர் மாற்றத்தையும் உடனே செய்யுங்கள். பலர் வருடக்கணக்கில் பழைய பெயரிலேயே கட்டிக்கொண்டிருப்பார்கள், கட்டும்வரை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கூடுதல் பில் வந்து புகார் கொடுக்கப் போகும் நாளில்தான் கணக்குக்காரரே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள்.

கேள்வி: புது வீட்டில் நாங்கள் இரண்டே பேர். முதல் பில்லே ஒரு பெரிய குடும்பத்துக்கு வருவது போல வந்திருக்கிறது. மீட்டர் கோளாறாக இருக்குமா?

எல்லோரும் முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பில்லில் இருந்து தொடங்குங்கள். ரீடிங் நேரில் எடுத்ததா, உத்தேசமா என்று குறிப்பு இருக்கும். உத்தேசம் என்றால் பழைய குடும்பத்தின் செலவை வைத்துப் போட்டிருப்பார்கள், இன்றைய ரீடிங்கைப் படத்தோடு அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். நேரில் எடுத்தது என்றால் தொடக்க ரீடிங் எந்தத் தேதியுடையது என்று பாருங்கள், நீங்கள் குடிவருவதற்கு முந்தையதாக இருந்தால் பழையவர் செலவும் உள்ளே இருக்கிறது. அடுத்து பில்லில் உள்ள மீட்டர் எண்ணும் சுவரில் உள்ள மீட்டர் எண்ணும் ஒன்றுதானா? அடுக்குமாடியில் மீட்டர்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் பக்கத்து வீட்டுடன் மாறிப் போவது நடக்கக்கூடியதுதான். உங்கள் குழாயை மட்டும் திறந்துவிட்டு எந்த மீட்டர் ஓடுகிறது என்று பாருங்கள், அப்புறம் உங்களுடையது என்று சொல்லப்படும் வால்வை அடைத்துவிட்டு யார் வீட்டுத் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கசிவு. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் முகத்தில் உள்ள சின்ன முக்கோணமோ நட்சத்திரச் சக்கரமோ அசைகிறதா என்று பாருங்கள். ஆனால் மாடியில் தொட்டி உள்ள வீட்டில் இந்தச் சோதனை உங்களை ஏமாற்றும், ஏனென்றால் வீட்டுக்குள் ஒழுகினாலும் தண்ணீர் தொட்டியிலிருந்து போகும், தொட்டி கொஞ்சம் இறங்கி மிதவை வால்வு திறக்கும்வரை மீட்டர் பேசாமல் இருக்கும். அதனால் தொட்டிக்குள் தண்ணீர் வரும் குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். அப்போதும் மீட்டர் ஓடினால் கசிவு மீட்டருக்கும் தொட்டிக்கும் நடுவில், பெரும்பாலும் மண்ணுக்கடியில். ஓடவில்லை என்றால் இரவு படுக்கும் முன் தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டுக் காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் கசிவு தொட்டியிலோ அதற்குக் கீழேயோ.

முதல் சந்தேகம் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டி மேல்தான் இருக்க வேண்டும். அடி வாஷர் தேய்ந்துபோய்ச் சத்தமே இல்லாமல் கோப்பையின் சுவரோடு வழியும், கண்ணுக்கும் தெரியாது. தொட்டியில் கொஞ்சம் கலர் கலந்து அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுவிடுங்கள், கோப்பையில் நிறம் தெரிந்தால் கள்வன் அவன்தான். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று ஒழுகினால் ஒரு நாளைக்கு 1440 லிட்டர், 30 நாளில் 43 யூனிட்டுக்கு மேல், உங்கள் பெரிய குடும்பம் அங்கே குடியிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு மீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். மீட்டர் சரி என்று வந்தால் சோதனைச் செலவு உங்களுடையதாகலாம், அதையும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது மீட்டர் மாட்டியதிலிருந்து பில் ஏறிவிட்டது. காற்றில் ஓடுகிறது என்கிறார்கள். உண்மையா?

காற்றில் ஓடுவது உண்மைதான், நாள் முழுக்கத் தண்ணீர் வராமல் விட்டுவிட்டு வரும் இடங்களில். காலியான குழாயில் தண்ணீர் ஏறும்போது முன்னால் இருக்கும் காற்று மீட்டரைச் சுற்றிவிட்டு வெளியேறும். குழாயைத் திறந்து வைத்துத் தண்ணீருக்காகக் காத்திருக்கும் வழக்கம் இருந்தால் அந்தக் காற்றுக்கு நீங்களே வாசலைத் திறந்து விடுகிறீர்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்குப் பழைய மீட்டர் மேல்தான் சந்தேகம். உள்ளே பாகங்கள் தேயத் தேய மீட்டர் மெதுவாகப் போகும் தண்ணீரை எண்ணாமல் விட்டுவிடும், அதாவது இத்தனை நாள் உங்களுக்குக் குறைவாக பில் வந்திருக்கலாம். புதுசு அந்த மெதுவான ஓட்டத்தையும் பெரும்பாலும் எண்ணிவிடும். மாற்றும் நாளில் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புதியதன் முதல் ரீடிங்கையும் படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா? முதல் பில்லில் அவை சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: வீட்டைப் பூட்டி ஆறு மாதம். ஒரு சொட்டுச் செலவில்லை, பில் மட்டும் வருகிறதே?

நிலைக் கட்டணம். இணைப்பு இருக்கும்வரை வரும். இணைப்பையே துண்டிக்கச் சொன்னால் திரும்ப வாங்கும் செலவும் அலைச்சலும் அதைவிட அதிகமாகலாம், இரண்டையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். பூட்டிவிட்டுப் போகும்போது மீட்டரை ஒட்டிய வால்வை அடைத்துவிட்டுப் போனால் போதும்.

கேள்வி: நாங்கள் குடிபோகும் வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. குழாயில் பழுப்பாக வருகிறது. குடிக்கலாமா?

தெளியும்வரை வேண்டாம். முதலில் குழாய் முனை வலை, ஷவர் தலை இரண்டையும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் துருவும் மண்ணும் அங்கே அடைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு குழாயையும் தெளிவாக வரும்வரை ஓட விடுங்கள், தொட்டி இருந்தால் காலி செய்து கழுவுங்கள். வெந்நீர்க் கலனில் தேங்கிய தண்ணீரைச் சும்மா விடாதீர்கள், நுரையீரலைப் பாதிக்கும் லெஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பில் நன்றாகப் பெருகும், ஷவர் தூறலோடு மூச்சில் போகும். கலனைக் காலி செய்து புதுத் தண்ணீர் நிரப்பி 60 டிகிரிக்குச் சூடாக்கி, ஜன்னலைத் திறந்து வைத்து ஓட விட்ட பிறகு குளியுங்கள். அதன் பிறகும் தண்ணீர் தெளியவில்லை என்றால் பக்கத்து வீட்டில் எப்படி வருகிறது என்று கேளுங்கள். அங்கேயும் பழுப்பு என்றால் அலுவலகத்துக்குப் புகார், உங்களுக்கு மட்டும் என்றால் வீட்டுக்குள் இருக்கும் இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கலாம், அதைச் சொல்ல வேண்டிய இடம் வீட்டுக்காரர். கழுவி விடப் போகும் தண்ணீரும் மீட்டரில் ஏறும் என்பதால் ஆரம்ப ரீடிங்கை அதற்கு முன்னாலேயே எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள், அந்தச் செலவு அவர் கணக்கா உங்கள் கணக்கா என்று குடிபோகும் முன்பே பேசி முடிக்கலாம்.