இறக்குவது வேறு, பிரிப்பது வேறு

கேள்வி: எங்கள் கார் வாங்கி 9 வருடம் ஆகிறது, 85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் கொல்லிமலை ஏறும்போது இன்ஜின் மட்டும் உறுமியது, வேகம் கூடவே இல்லை. கருகல் வாடை வேறு. கொஞ்ச நாளாக மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றினால் ‘கர்ர்’ என்கிறது. கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?
- வாசகி, நாமக்கல்

பதில்: நம்பலாம் அம்மா. ஆனால் இறக்கப் போகிறாரா, பிரிக்கப் போகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிளட்ச் பிளேட் மாற்றவே பெரும்பாலான கார்களில் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அதைப் பிரிப்பது தனி வேலை, தனிச் செலவு.

மலையில் நடந்தது கிளட்ச் வழுக்கல், அதாவது பிளேட் சரியாகப் பிடிக்காததால் இன்ஜினின் சுற்று முழுதாகச் சக்கரத்துக்குப் போகவில்லை. 70 கொண்டை ஊசி வளைவையும் ஹாஃப் கிளட்சில் ஏறினால் எந்த பிளேட்டும் தாங்காது. ஒரு சோதனை: முன்னால் ஆளில்லாத சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, நான்காவது கியர் போட்டு கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் ஓடினால் தேய்ந்துவிட்டது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமும் கருகிவிடும்.

‘கர்ர்’ சத்தம் வேறு கதை. எல்லா கியரும் அடம்பிடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். இரண்டாவது மட்டும் என்றால் அதன் சின்க்ரோ வளையம் (கியர் விழும் முன் சுற்றும் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) தேய்ந்திருக்கலாம். ரிவர்ஸில் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோவே கிடையாது. கிளட்சை மிதித்து இரண்டு மூன்று நொடி பொறுத்துப் போடுங்கள்.

இன்னொரு சத்தமும் உண்டு. நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால், கியர் பாக்ஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதித்தால்தான் வருகிறது என்றால், மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். தொழிலுக்கு வந்த புதிதில் இது தெரியாமல் ஒரு வேன் கியர் பாக்ஸை முழுசாகப் பிரித்துப் போட்டு, ஒரு குறையும் கிடைக்காமல் விழித்தேன். முதலாளி வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

உங்கள் வண்டிக்கு பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர் ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. ஆயிலில் தங்கப்பொடி போல மினுங்கினால் அது சின்க்ரோவின் பித்தளை. அப்போது பிரிக்கச் சொல்லுங்கள்.