அமெரிக்காவில் நீங்கள் காரில் கடந்த சாலைகளில் ஊரே இல்லாத வழியில் போகும் நெடுஞ்சாலை எது? அதை ஏன் அங்கே போட்டார்கள்?

ஐ-70 (இன்டர்ஸ்டேட் 70) சாலை, யூட்டா மாநிலத்துக்குள் வரும் பகுதி. சலைனா என்ற சின்ன ஊரைத் தாண்டினால், கிரீன் ரிவர் வரும்வரை நூறு மைலுக்கு மேல், அதாவது 160 கிலோமீட்டருக்கும் அதிகமாக, பெட்ரோல் பங்க் கிடையாது, சாப்பாட்டுக் கடை கிடையாது, தங்க ஒரு அறை கிடையாது. மாநிலங்களை இணைக்கும் அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் சாலைகள் மொத்தத்திலும் எந்த வசதியும் இல்லாமல் இவ்வளவு நீளம் போகும் இடம் வேறு இல்லை.

நான் டென்வரில் வசிக்கிறேன். முதல் தடவை லாஸ் ஏஞ்சலஸ் போகும்போது இந்த வழியை இரவில் கடந்தேன். "அங்க பாக்க ஒண்ணும் இல்ல, ராத்திரியோட ராத்திரியா தாண்டிருங்க" என்று நண்பர்கள் சொன்னதுதான் காரணம். அவர்கள் சொன்னது தவறு என்று அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு பகலில் வந்தபோதுதான் தெரிந்தது. யாராவது இந்த வழியில் போவதாக இருந்தால் பகலில் போங்கள். அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மேற்கிலிருந்து வருவோம். ஐ-70 தொடங்கும் இடம் கோவ் ஃபோர்ட். மைல்கல் கணக்கு மேற்கிலிருந்துதான், அதனால் பூஜ்யம் இங்கே. பெயரைக் கேட்டால் ஊர் என்று நினைப்போம், ஊர் இல்லை. 1867-ல் மார்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் கறுப்பு எரிமலைக் கல்லில் கட்டிய ஒரு சின்னக் கோட்டை, பக்கத்துக்கு நூறு அடி. தபால் வண்டியும் வழிப்போக்கர்களும் இராத்தங்கக் கட்டியது. இன்றும் நல்ல நிலையில் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். சாலையின் மறுமுனை கிழக்கே மேரிலாண்டின் பால்டிமோர். அந்த முனையில் ஐ-70-ல் ஏறும் இடத்தில் மைல் கணக்கில் ஒரு தூரப் பலகை உண்டு: கொலம்பஸ் 420, செயின்ட் லூயிஸ் 845, டென்வர் 1,700, கோவ் ஃபோர்ட் 2,200. மூன்று பெருநகரங்களுக்குக் கீழே, நான்கு சுவர்கள் கொண்ட ஒரு கல் கோட்டையின் பெயர்.

இப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் ஏன் சாலையை முடித்தார்கள்? 1956-ல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் இன்டர்ஸ்டேட் திட்டத்துக்குப் பணம் வந்தபோது, ஐ-70 டென்வரோடு நிற்பதாகத்தான் இருந்தது. அதற்கு மேற்கே ராக்கி மலைத்தொடர். மலையைத் தாண்டிச் சாலை வேண்டும் என்று கொலராடோக்காரர்கள் விடாமல் கேட்டார்கள். ஆளுநராக இருந்த எட்வின் ஜான்சன் இதற்காக வாஷிங்டனில் மல்லுக்கு நின்றவர். டென்வருக்கு மேற்கே சுமார் 11,000 அடி உயரத்தில் மலையைக் குடைந்த இரட்டைச் சுரங்கப்பாதையில் ஒரு வழிக்கு ஐசன்ஹோவர் பெயரும் இன்னொன்றுக்கு இவர் பெயரும் வைத்திருக்கிறார்கள். யூட்டாக்காரர்களின் எண்ணமோ வேறு. சாலை வந்தால் தங்கள் தலைநகரம் சால்ட் லேக் சிட்டி பக்கம், ஏற்கெனவே லாரிகள் ஓடிக்கொண்டிருந்த யு.எஸ். 6 என்ற பழைய நெடுஞ்சாலை வழியாக, ஸ்பானிஷ் ஃபோர்க் என்ற ஊரில் வந்து சேரும் என்று நம்பினார்கள். 1957-ல் அறிவிப்பு வந்தது. சாலை கோவ் ஃபோர்ட்டுக்கு! டென்வரிலிருந்து தென் கலிஃபோர்னியாவுக்கு நேர்வழி வேண்டும் என்று ராணுவத் தரப்பு விரும்பியதே முக்கியக் காரணம். வரைபடத்தில் நேர்கோடு விழுந்த இடத்தில் ஆள் நடமாட்டமே இல்லை.

நம் ஊரில் நெடுஞ்சாலை என்றால் பெரும்பாலும் பழைய ரோட்டை அகலப்படுத்துவது, ஊரை ஒட்டி ஒரு புறவழிச்சாலை போடுவது. ஏதோ ஒரு மாட்டுவண்டித் தடமாவது அடியில் இருக்கும். இங்கே பெரும்பகுதிக்கு அதுவும் இல்லை. 1942-ல் போட்ட அலாஸ்கா நெடுஞ்சாலைக்குப் பிறகு, முற்றிலும் புதிய தடத்தில் அமெரிக்கா போட்ட மிக நீண்ட சாலை இது. இதே நிலத்தின் குறுக்கே 1880-களில் ஒரு ரயில் கம்பெனி பாதை போட மண் வேலையைத் தொடங்கி, பிறகு கைவிட்டு வடக்கே மலைக் கணவாய் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

கோவ் ஃபோர்ட்டிலிருந்து பதினேழாவது மைல் பக்கம் கிளியர் கிரீக் பள்ளத்தாக்கு. இங்கே நடந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை, எனக்கோ அது மனதை விட்டுப் போகவில்லை. 1983-ல் சாலை வேலை நடந்தபோது ஃபைவ் ஃபிங்கர் ரிட்ஜ் என்ற குன்றில் பழைய குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டது. ஃப்ரீமான்ட் மக்கள் என்று தொல்லியலில் சொல்லப்படும் பூர்வகுடிகள் மக்காச்சோளம் விளைவித்து, மண்ணுக்குள் பாதி இறங்கிய குழிவீடுகளில் வாழ்ந்த கிராமம். இதுவரை கிடைத்த ஃப்ரீமான்ட் கிராமங்களிலேயே பெரியது. வேலையை நிறுத்தி அகழ்ந்தார்கள், கிடைத்ததையெல்லாம் எடுத்தார்கள். அதன்பிறகு அந்தக் குன்றையே வெட்டி, மண்ணை நெடுஞ்சாலைக்கு அடியில் நிரவிவிட்டார்கள். பானைகளும் கருவிகளும் பக்கத்திலேயே 1987-ல் திறந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிராமம் இருந்த குன்று இல்லை. அருங்காட்சியகத்தில் அம்மா ஒரு மக்காச்சோளக் கதிரின் சக்கையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். விரல் நீளம்தான் இருக்கும். "நம்ம காட்டுல விளையுற மாதிரிதான இருக்கு" என்றார்.

ரிச்ஃபீல்டும் சலைனாவும் செவியர் ஆற்றுச் சமவெளியில் இருக்கும் விவசாய ஊர்கள், புல்கட்டும் மாடும். ஐம்பத்தாறாவது மைலில் சலைனா. டேங்க்கை நிரப்பிக்கொண்டு தண்ணீர் கேன் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு சாலை சலைனா பள்ளத்தாக்கில் ஏறி ஏறக்குறைய 7,900 அடிக்குப் போகிறது. மலை இறங்கினால் மரங்கள் குறைந்து, புதர் மட்டும் மிஞ்சி, அதுவும் குறைந்து பாறை தொடங்குகிறது.

இதுதான் சான் ரஃபேல் ஸ்வெல். நீளம் சுமார் 75 மைல், அகலம் 40 மைல். பூமிக்குள்ளிருந்து ஏதோ முட்டித் தள்ளியதுபோல, அடுக்கடுக்கான படிவப் பாறைகள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கும்மாச்சியாக மேலே எழும்பிவிட்டன. உச்சியை மழையும் காற்றும் அரித்துத் தின்றுவிட்டதால், நடுவில் பழைய அடுக்குகள், ஓரங்களில் புதிய அடுக்குகள். கிழக்கு ஓரத்தில் அந்த அடுக்குகள் செங்குத்தாகச் சாய்ந்து, ரம்பத்தின் பல் வரிசை போல நிற்கின்றன. அதற்கு ரீஃப் என்று பெயர். கப்பலைப் பவளப்பாறை மறிப்பதுபோல வண்டிக்காரர்களை மறித்ததால் அப்படி அழைத்தார்கள்.

நடுவில் ஈகிள் கேன்யன். பள்ளம் திடீரென்று வாய் பிளக்கும், அதன்மேல் இரண்டு எஃகு வளைவுப் பாலங்கள், போக ஒன்று, வர ஒன்று. காரில் போனால் சில நொடிகளில் தாண்டிவிடுவோம். ஓரத்தில் இருக்கும் காட்சிமுனையில் நிறுத்தி இறங்கிப் பார்த்தால்தான் எவ்வளவு ஆழத்துக்கு மேலே வந்தோம் என்று அடிவயிற்றில் தெரியும். சில மைல் தள்ளி கோஸ்ட் ராக்ஸ். வெளிறிய மணற்பாறைகள் தரையிலிருந்து கூட்டமாக எழுந்து நிற்கும், அந்திநேரத்தில் ஆட்கள் போலவே தோன்றும்.

அங்கே ஒரு மடக்கு மேசையில் பாசிமணியும் வெள்ளி வளையலும் பரப்பி வைத்து நவஹோ என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். காற்று பலமாக அடித்ததால் மேசை விரிப்பின் நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார். அம்மா ஒரு நீலக்கல் மாலையை எடுத்து, கோத்திருந்த நூலை இழுத்துப் பார்த்து, முடிச்சைத் திருப்பிப் பார்த்தார். பாட்டி அதைக் கவனித்துச் சிரித்தார், அம்மாவும் சிரித்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. மாலை இப்போது அம்மாவிடம் விருதுநகரில் இருக்கிறது. அப்பா பாறையில் கை வைத்து, உள்ளங்கையில் ஒட்டிய மணலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "ஏய்யா, இத்தன தூரத்துல ஒரு டீக்கடை கூட இல்லையே. வேல செஞ்சவங்க என்னத்தக் குடிச்சாங்க?"

நான் படித்த வரலாறு எதிலும் அதற்குப் பதில் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. நில அளவைக்காரர்கள் ஜீப் ஏறாத இடங்களை நடந்தே அளந்திருக்கிறார்கள். ரீஃபைத் துளைத்து இறங்க அவர்கள் கண்டுபிடித்த ஒரே இடுக்கு ஸ்பாட்டட் உல்ஃப் கேன்யன். தொடக்கத்தில் அங்கே ஒருவர் இரு கைகளையும் விரித்து நின்றால் இரண்டு பக்கப் பாறையையும் தொடலாமாம். இன்று அதே இடத்தில் நான்கு தடச் சாலை இறங்குகிறது. வெடிவைத்து, பாறையைப் படிப்படியாகச் செதுக்கி அந்த அகலத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். 1970-ல் ஸ்வெல் பகுதியைத் திறந்தபோது போகவும் வரவும் ஒவ்வொரு தடம்தான். ஈகிள் கேன்யனின் இரண்டாவது பாலமும் முடிந்து நான்கு தடமும் முழுமையானது 1990-ல். அறிவிப்பிலிருந்து முப்பத்து மூன்று ஆண்டுகள். கொலராடோ பக்கம் கிளென்வுட் கேன்யன் பகுதி அதற்கும் பிறகு, 1992-ல்தான் முடிந்தது.

இந்த இறக்கத்தில் வண்டியை கியரில் கட்டுப்படுத்தி இறக்குங்கள். எங்களுக்கு முன்னால் போன லாரியின் பிரேக் தீய்ந்த வாடை கண்ணாடியை ஏற்றிய பிறகும் காருக்குள் நின்றது. பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்க ஓரத்தில் சரளை மேடுகள் போட்டிருக்கிறார்கள். கடைசி வளைவைத் தாண்டியதும் பாறைச் சுவர் பின்னால் போய், முன்னால் சமவெளி ஒரேயடியாக விரியும். பின்கண்ணாடியில் ரீஃப் முழுசாகத் தெரியும். மேற்கே போகிறவர்களுக்கு இந்தக் காட்சி எதிரிலேயே வரும். அதை நான் முதல் தடவை இருட்டில் தவறவிட்டேன்.

கிரீன் ரிவர் நூற்று அறுபதாவது மைல். தர்ப்பூசணிக்குப் பேர்போன ஊர், செப்டம்பரில் அதற்கென்று திருவிழாவே நடக்கும். 1869-ல் ஜான் வெஸ்லி பவல் என்ற ஆய்வுப் பயணி படகுகளில் இதே ஆற்றில்தான் போனார், அவர் பெயரில் இங்கே ஒரு அருங்காட்சியகம் உண்டு. பிறகு கிரசென்ட் ஜங்ஷன், அங்கே தெற்கே திரும்பினால் மோவாப் என்ற சுற்றுலா ஊர். நம்மவர்கள் பெரும்பாலும் அங்கேதான் திரும்புவார்கள்.

நாங்கள் திரும்பவில்லை. கொலராடோ எல்லைக்கு முன்னால் சிஸ்கோ என்று ஒரு ஊர், ஐ-70-ஐ விட்டு இறங்கிப் போகவேண்டும். நீராவி ரயில் எஞ்சின்கள் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடமாக உருவானது. டீசல் எஞ்சின் வந்ததும் ரயில் நிற்பது நின்றது. பழைய நெடுஞ்சாலை ஊர் வழியாகப் போனதால் பங்க்கும் சாப்பாட்டுக் கடையும் தாக்குப்பிடித்தன. ஐ-70 ஊரை ஒதுக்கிக்கொண்டு போனதும் அதுவும் முடிந்தது. ஆளில்லாத இடத்தில் போட்டதாகச் சொல்லும் சாலைக்கு, இருந்த ஒரு ஊரும் பலியானது இப்படி.

கூரை உள்வாங்கிய மரவீடுகள், கதவில்லாத ஒரு பழைய கார். எங்கள் ஊர்ப் பக்கம் நாற்கரச் சாலை வந்தபோது பழைய ரோட்டுக் கடைகள் ஒவ்வொன்றாக மூடியதை அப்பா பார்த்தவர். காரை விட்டு இறங்கி, ஒரு கடையின் முகப்பாக இருந்திருக்கக்கூடிய பலகைச் சுவர்முன் நின்று, "இவங்க எங்க போனாங்களோ" என்றார். தூரத்தில் ஐ-70-ல் லாரிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.