அந்த இரண்டு சொல்லைத் திரும்பப் பெறுங்கள்

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை ஒன்றில் லைன் லீடராக இருக்கிறேன். எனக்குக் கீழே 14 பேர். ஆள்குறைப்பு வரும் என்று கேன்டீனில் பேச்சு. மேலிடம் வாய் திறக்கவில்லை. எங்களுக்கு 'நிதானத் தலைமைத்துவம்' என்று ஒருநாள் பட்டறை நடத்தி மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகள் கேட்டால் 'ஒன்றும் ஆகாது' என்கிறேன். ராத்திரி தூக்கமே இல்லை. மன உறுதியோடு இருப்பது எப்படி?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மூச்சுப் பயிற்சியை விடாதீர்கள், நல்லதுதான். ஆனால் 'ஒன்றும் ஆகாது' என்பது உங்களுக்கே தெரியாத சங்கதி. தெரியாததைத் தெரிந்த மாதிரி தினமும் சொன்னால் எப்படித் தூக்கம் வரும்? அதை நம்பி ஒரு பையன் இந்த மாதம் புது மோட்டார் சைக்கிள் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால்?

கெடாவில் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது எனக்குப் பத்து வயது. விடியாத இருட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், பால்வாளிகளைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் மண்டோரை, அதாவது கங்காணியைச் சுற்றி நின்றார்கள். "எனக்கு ஒன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமை பெரிய கிராணியப் பார்க்கிறேன். இதே இடத்துல வந்து சொல்றேன்" என்றார். கிராணி என்றால் தோட்ட ஆபீஸ் குமாஸ்தா. சனிக்கிழமை யாரும் கேட்பதற்குள் அவரே ஆரம்பித்தார்: "கிராணி வாய் திறக்கல. அடுத்த வாரமும் போறேன்." அன்றைக்கு அடுப்படியில் அம்மா அப்பாவிடம், "அவரு பொய் சொல்லமாட்டாரு, பாத்துக்கலாம்" என்றது இன்னும் காதில் இருக்கிறது. தோட்டம் கைமாறத்தான் செய்தது. ஆனால் அதுவரை எங்கள் லயத்தில் ஜனங்கள் தூங்கினார்கள்.

நீங்களும் நாளை ஷிப்ட் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள்: 'ஒன்னும் ஆகாதுன்னு சொன்னேன், அது எனக்கே தெரியாது. புதன்கிழமை மேனேஜரைக் கேட்கிறேன், வியாழக்கிழமை சொல்றேன்.' சிலர் முகம் வாடும். பக்கத்திலேயே நில்லுங்கள். வியாழக்கிழமை கையில் சேதி இல்லாவிட்டாலும் வாருங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயங்களும் இருக்கின்றன. வேலைக் காப்புறுதிக்கென்று 2018 முதல் சம்பளத்தில் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குப் பிடிக்கிறார்களே, ஆள்குறைப்பில் வேலை போனால் அதில் 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். சந்தா போதிய அளவு கட்டியிருந்தால், முதல் மாதம் காப்புறுதிக்குக் கணக்கிடும் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, அப்புறம் குறைந்துகொண்டே போய் ஆறு மாதம் வரை கிடைக்கும். மாதம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்படாத சம்பளத்தில் ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவர்களுக்கு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளத்தை முதலாளி இழப்பீடாகத் தர வேண்டும் என்பது சட்டம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி 14 பேருக்கும் கொடுங்கள். 60 நாள் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். அதைத் தவறவிட்டால் பணமும் போய்விடும்.

சரி, உங்கள் பயத்தை நீங்கள் யாரிடம் சொல்கிறீர்கள்? வீட்டில் இது யாருக்காவது தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்று ராத்திரி முதலில் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள்.