மாம்பழம் வெட்டிக் கறுத்த கத்தி

அன்புள்ள ஐயா,

போன மாதம் நீங்கள் பத்தியில் எழுதியதில், புத்தகக் கட்டு ஒன்றைப் பிரிக்கும்போது "பைக்குள் கிடந்த பேனாக்கத்தியால் கயிற்றை அறுத்தேன்" என்று ஒரு வரி வந்தது. அந்த வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். இரண்டு வருடத்துக்கு முன் பாரிஸிலிருந்து வந்த அத்தான் எனக்கொரு வில்லுக்கத்தி கொண்டுவந்தார். மரப்பிடி, கழுத்தில் ஒரு வளையம். அலகில் ஓப்பினெல் என்றும் கார்பன் என்றும் பொறித்திருக்கிறது. கூடவே ஒரு கையும் கிரீடமும். கையில் தராமல் மேசையில் வைத்து "எடுங்கோ" என்றார். வில்லுக்கத்தி என்ற சொல்லே மனைவிக்குப் பிடிக்கவில்லை, ஷோகேசில் வைத்துப் பூட்டிவிட்டார்.

போன கிழமை ஊரிலிருந்து பஸ்ஸில் கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டி வந்தது. ஆசைக்கு ஒரு பழத்தை இதால் வெட்டினேன். அலகு கறுத்துவிட்டது. நன்றாக ஊறவைத்துக் கழுவி மடித்தேன், இப்போது திறக்கவே முடியவில்லை. சுவிஸ் கத்தி என்றால் இப்படி ஆகாது என்று மகன் சிரிக்கிறான். அடுத்த வருடம் பாரிஸ் போகிறோம், அத்தான் கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள், கொழும்பில் இருக்கிற ஒருவருக்கு இப்படி ஒரு கத்தியால் என்ன பிரயோசனம்?

எஸ்., வெள்ளவத்தை

அன்புள்ள எஸ்.,

முதலில் கத்தியைத் திறப்போம். அது பழுதாகவில்லை. பிடி தண்ணீர் குடித்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கத்திக்கு வழக்கமாகப் போடுவது பீச் மரம். ஈரம் பட்டால் ஊதி, அலகைக் கவ்விக்கொள்ளும். பிரான்சில் அல்ப்ஸ் மலைப் பக்கத்துச் சவுவாவில் 1890இல் ஜோசப் ஓப்பினெல் இதைச் செய்யத் தொடங்கினார். மழையும் பனியும் உள்ள அந்த ஊர்க்காரருக்கும் இதே தொல்லை இருந்ததால் கைவைத்தியமும் அவர்களிடமே இருக்கிறது. வளையத்தைத் திருப்பி, அதிலுள்ள வெட்டை அலகுக்கு நேரே கொண்டுவாருங்கள். பிறகு பிடியின் வால் முனையை, அதாவது அலகின் நுனி ஒளிந்திருக்கும் பக்கத்தை, மேசை விளிம்பில் சட்டென்று தட்டுங்கள். அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும். முதுகைப் பிடித்து இழுத்துவிடலாம். சவுவாக்காரர் தட்டு என்றே இதற்குப் பெயர்.

திறந்ததும் இரண்டு மூன்று நாள் காற்றுப்படும் இடத்தில் விரித்து வையுங்கள். வெயில் வேண்டாம், மரம் வெடிக்கும். காய்ந்த பிறகு அலகு திரும்பும் மூட்டில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். சில எண்ணெய்கள் நாள்பட்டால் பிசினாக இறுகும், தேங்காய் எண்ணெய் அப்படிச் செய்யாது. கொழும்புச் சூட்டில் உறைவதும் இல்லை, சாப்பாட்டில் பட்டாலும் குற்றமில்லை. அப்படியும் இறுக்கமாக இருந்தால் அரத்தாளை மடித்துப் பிளவுக்குள் நாலு தரம் இழுங்கள். இனிமேல் ஊறவைக்க வேண்டாம். துடைத்தால் காணும்.

கறுப்பைப் பற்றி. வாழைக்காய் அரிந்த பழைய இரும்புக் கத்தியைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். காயிலும் பழத்திலும் உள்ள புளிப்பும் துவர்ப்பும் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கணக்கில் எழுதிய மையும் இப்படித்தான் வந்தது: மரத்தின் துவர்ப்பு, அதோடு இரும்பு உப்பு. ஆக உங்கள் கத்தியில் படிந்திருப்பது கிட்டத்தட்ட மை. கறுப்பும் சாம்பலும் நீலமுமாகப் படிவது அலகுக்கு ஒரு மேற்சட்டை மாதிரி. அதைத் தேய்த்துப் போக்காதீர்கள். சிவப்பாக வந்தால்தான் கறள். வெள்ளவத்தையில் கடல் உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது, உப்புக்காற்று கார்பன் இரும்பைச் சும்மா விடாது. வெட்டியதும் துடைப்பது, கிழமைக்கு ஒருமுறை எண்ணெய் விரலால் தடவுவது, இந்த இரண்டும் போதும். பேசாமல் ஷோகேசில் கிடந்த கத்தியை விட, தினம் துடைபடும் கத்தியில் கறள் குறைவாகத்தான் பிடிக்கும்.

உங்கள் மனைவிக்குப் பிடிக்காத சொல்லுக்கு வருகிறேன். பத்திரிகையில் வில்லுக்கத்தி வந்தால் பக்கத்தில் குத்தும் கொலையும் வரும், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்குப்படி இது வில்லுக்கத்தியே அல்ல. முதுகில் ஒரு வில் அழுத்திப் பிடிப்பதால் திறந்து நிற்பதுதான் வில்லுக்கத்தி. இதற்கு வில் கிடையாது, மரத்தின் இறுக்கமும் அந்த வளையமும்தான். வளையம் கூடப் பிறகு வந்தது, 1955இல். அது வராத காலத்தில் எத்தனை பேர் விரலை வெட்டிக்கொண்டார்களோ. (வில்லுக்கத்தி மடங்கி விழுந்த தழும்பு என் சுட்டுவிரலில் இப்போதும் இருக்கிறது. ஆகவே எதையும் அழுத்தி வெட்டுமுன் வளையத்தைத் திருப்பிப் பூட்டுங்கள்.) பேனாக்கத்தி என்று சொல்லுங்கள், வீட்டில் பாதிச் சண்டை தீரும். இறகு சீவி எழுதிய காலத்தில் அந்த இறகைச் சீவிய கத்தி அது. எங்களிடமும் அதற்கொரு சோடி இருந்தது: மடக்கெழுத்தாணி. ஓலையை வாரி நறுக்கக் கத்தி, எழுத எழுத்தாணி, இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கும். படிக்கிற மனிதன் மடியில் வைத்திருந்த சாமான் அது.

சரி, பிரயோசனம் என்ன என்று கேட்டீர்கள். இதற்கு நேரே பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

எங்கள் அப்பாவிடம் மாட்டுக்கொம்புப் பிடி போட்ட ஒரு சின்னக் கத்தி இருந்தது. பென்சில் சீவுவார், பாக்குச் சீவுவார், கொய்யாப்பழத்தைக் கீறி எல்லாருக்கும் பங்கு வைப்பார். அவருக்குப் பிறகு அது என் பைக்கு வந்தது. 1997இல் ஒரு சோதனைச் சாவடியில் பையைக் கொட்டினார்கள். எந்தச் சந்தி என்பது வேண்டாம். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, இரண்டு புத்தகம், அந்தக் கத்தி. இது எதற்கு என்று கேட்டார்கள். பென்சில் சீவ என்றேன். பென்சில் எங்கே என்றார்கள். அன்றைக்கென்று பென்சில் இல்லை. மூன்று மணித்தியாலம் ஒரு வாங்கில் இருந்துவிட்டு வெளியே வந்தேன். கத்தி வரவில்லை. கேட்கவும் இல்லை.

அந்த வருடங்களில் கொழும்பில் இருந்த தமிழன் எவனும் பையில் கத்தி வைத்திருக்கமாட்டான். நகவெட்டியையே யோசித்துத்தான் எடுப்போம். 2009இல் போர் முடிந்தது, சாவடிகள் ஒவ்வொன்றாகப் போயின, பழக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. 2019 மே மாதம், ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, வாள், கத்திகளை ஒப்படைக்கும்படி பொலிஸ் அறிவித்தபோது, அன்றாட வேலைக்குரியவை அதில் சேராது என்று தெரிந்தும், எனக்குத் தெரிந்த ஒருவர் பாக்குவெட்டியை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். சமையலறைக்கு வெளியே கத்தி என்றால் ஆயுதம் என்று எங்கள் தலைமுறைக்குப் பழகிவிட்டது. உங்கள் ஷோகேஸ் பூட்டிலும் அதில் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. கத்தியை வெளியே எடுங்கள், ஆனால் பொக்கெட்டில் போடாதீர்கள். ஒரு பொலிஸ்காரரிடம் மாம்பழத்தைப் பற்றி விளக்கிக்கொண்டு நிற்க இந்த வயதில் எனக்குப் பொறுமை இல்லை, உங்களுக்கும் இராது. என்னுடையது பெரும்பாலும் மேசையில், பேனாக்கள் நிற்கும் குவளையில் இருக்கும். கட்டுப் பிரிக்கப் போகும் நாளில் மட்டும் பைக்குள் போகும். புத்தகக் கட்டின் கயிறு, மருந்துப் பெட்டியின் பிளாஸ்திக், கடித உறை, சாரத்தின் தொங்கும் நூல், பின்னேரம் ஒரு கொய்யா. ஊரிலிருந்து வரும் பெட்டியைச் சுற்றி அம்மாமார் போடும் அந்த முடிச்சுகள் இருக்கிறதே, அவற்றை அவிழ்த்த மனிதன் இன்னும் பிறக்கவில்லை. அதற்கு இதுதான் சரி. ஓப்பினெல் அளவுகளில் எட்டாம் இலக்கக் கத்தியின் அலகு எட்டரை சென்ரிமீற்றர். மாம்பழத்தின் கன்னத்தைச் சீவ அளவாக இருக்கும். தகரம் திறக்கவோ, ஆணி கழற்றவோ, இளநீர் வெட்டவோ கொண்டுபோகாதீர்கள், நுனி போய்விடும்.

மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு. சுவிஸ் இராணுவ அதிகாரிகளுக்கான கத்தி 1897இல் வந்தது, கறளுக்குப் பயமில்லாத இரும்பில் இன்று கத்தரிக்கோல் வரை வைத்துக் கிடைக்கிறது. ஆனால் எனக்கு ஒரு கத்தி ஒரு கத்தியாக இருந்தால் போதும். மழுங்கினால் சாணைச் சக்கரத்துக்குக் கொடுக்காதீர்கள், சூடேறி அலகின் பதம் கெடும். தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுக்கம் இல்லாத ஒரு வளையம் சொரசொரவென்று இருக்கும். அதை நனைத்து, அலகைச் சரிவாக வைத்து, பக்கத்துக்குப் பத்துத் தரம் தேயுங்கள். மகனையே செய்யச் சொல்லுங்கள்.

அந்தக் கையும் கிரீடமும் 1909இல் பதிந்த அடையாளம். ஸ்நாபக அருளப்பரின் ஆசீர்வதிக்கும் கை, சவுவா ஆட்சியின் கிரீடம். அத்தான் கையில் தராமல் மேசையில் வைத்ததும் நல்ல காரியம். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை என்று எங்கள் வீடுகளில் சொல்வோம். பிரான்சில் இதற்கு வேறு பரிகாரம்: கத்தி வாங்கியவர் கொடுத்தவருக்கு ஒரு நாணயம் கொடுக்கவேண்டும், அப்போதுதான் உறவு அறாதாம். நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள். போகும்போது பத்து ரூபாய்க் குற்றி ஒன்று கொண்டுபோய் அவர் கையில் வையுங்கள். கறுத்த அலகைக் காட்டவேண்டுமென்றால் கத்தியைப் பெரிய பெட்டிக்குள் போடுங்கள். கைப்பையில் வைத்தால் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.