விலை இறங்கினால் சந்தோஷம்தானே?

கேள்வி: விலைவாசி ஏறுகிறதே என்று நாம் புலம்புகிறோம். ஜப்பானில் விலை ஏறவில்லையே என்று அரசாங்கமே கவலைப்பட்டதாமே? குடும்பம் நடத்துகிறவளுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. (வாசகி, கும்பகோணம்)

பதில்: வேடிக்கைதான். அங்கே காரிகாரி-குன் என்று ஒரு குச்சி ஐஸ் உண்டு, 25 வருஷமாக 60 யென். 2016-ல் அதை 70 யென் ஆக்கியபோது, கம்பெனியின் பெரியவர்களும் ஊழியர்களும் வரிசையாக நின்று தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி டிவியில் விளம்பரமே போட்டார்கள். பத்து யென்னுக்கு!

நாளைக்கு விலை குறையும் என்று ஜனங்கள் இன்றைக்கு வாங்க மாட்டார்கள், அதனால் வியாபாரம் படுத்துவிடும் என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். எனக்கு அது பெரிய காரணமாகத் தோன்றவில்லை, அரிசி பருப்பை யார் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடுவார்கள்? சங்கடம் வேறு இடத்தில். கடைக்காரர் விலையை ஏற்ற முடியவில்லை என்றால் வேலையாட்களின் சம்பளத்தையும் ஏற்ற மாட்டார். வருமானம் அப்படியே நிற்கும், சமயத்தில் குறையும், ஆனால் வாங்கிய கடன் மட்டும் ஒரு பைசா குறையாது. பணவீக்கம் கடன் வாங்கியவனின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும், பணவாட்டம் (விலைவாசி இறங்கிக்கொண்டே போவது) அதை ஏற்றிக்கொண்டே போகும். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து 2000-களின் தொடக்கம் வரை அங்கே படிப்பை முடித்த பிள்ளைகளில் பலருக்கு நிரந்தர வேலையே கிடைக்கவில்லை, தற்காலிக வேலையிலேயே நடுவயதுக்கு வந்துவிட்டார்கள். மலிவான ஐஸுக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

கேள்வி: அவ்வளவு கெட்டிக்கார நாடு குமிழியில் எப்படி மாட்டியது? (வாசகர், சேலம்)

பதில்: குமிழி என்றால் விலை தகுதிக்கு மீறி ஊதிப்போவது. 1985 செப்டம்பரில் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் கூடி டாலரின் மதிப்பை இறக்க ஒப்புக்கொண்டன. டாலருக்கு சுமார் 240 யென்னாக இருந்தது, ஒன்றரை வருஷத்துக்குள் 150 பக்கம் வந்துவிட்டது. யென்னின் மதிப்பு ஏறியதால் ஜப்பான் சரக்கு வெளிநாட்டில் விலை கூடி ஏற்றுமதி செத்துவிடுமே என்ற பயத்தில் ஜப்பான் மத்திய வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்து 1987 பிப்ரவரியில் 2.5 சதவீதத்தில் நிறுத்தியது, இரண்டு வருஷத்துக்கு மேல் அதைத் தொடவேயில்லை. அந்த மலிவுப் பணம் நிலத்துக்கும் பங்குச் சந்தைக்கும் ஓடியது. நிலத்தைக் காட்டிக் கடன், அந்தக் கடனில் இன்னொரு நிலம், அதனால் நிலத்தின் விலை இன்னும் ஏற்றம், ஏறியதால் இன்னும் பெரிய கடன் என்று சுற்றிச் சுற்றி ஓடியது. டோக்கியோ அரண்மனை வளாகத்தின் மதிப்புக்கு மொத்தக் கலிபோர்னியாவையே வாங்கலாம் என்று பேசிக்கொண்டார்கள், பேரன் காலத்தில் முடிகிற நூறு வருஷ வீட்டுக்கடன்கூட வந்தது. ‘நிலத்தின் விலை இறங்காது’ என்பது அங்கே ஒரு மதம் மாதிரி (நம் ஊரிலும் இதைச் சொல்லாத புரோக்கர் உண்டா?). மத்திய வங்கி விழித்துக்கொண்டு 1990 ஆகஸ்டுக்குள் வட்டியை 6 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. பங்குகள் முதலில் விழுந்தன, அப்புறம் நிலம்.

கேள்வி: விழுந்ததும் எழுந்திருக்க வேண்டியதுதானே? (வாசகர், காரைக்குடி)

பதில்: விழுந்ததை ஒப்புக்கொண்டால்தானே எழுந்திருக்கலாம்! வாராக் கடனை வாராக் கடன் என்று எழுதினால் தங்கள் முதலே போய்விடும் என்று, வங்கிகள் நொடித்த கம்பெனிகளுக்கே மேலும் கடன் கொடுத்து வட்டி கட்டவைத்தன. அது 1997 நவம்பரில் வெடித்தது. ஹொக்கைடோ தகுஷோகு வங்கி போனது, நூறு வருஷத்துப் பங்கு நிறுவனமான யமாய்ச்சி போனது. தப்பு எங்களுடையது, ஊழியர்கள் மேல் இல்லை என்று யமாய்ச்சியின் தலைவர் கேமரா முன்னால் அழுதார். ஏழு வருஷம் மூடிவைத்ததால் வந்த வினை இது. வட்டியைச் சீக்கிரம் குறைத்திருக்கலாம் என்று பலர் சொல்வார்கள், என் கணக்கில் கணக்குப் புத்தகத்தை மறைத்ததுதான் பெரிய குற்றம்.

கேள்வி: சீனாவும் இப்போது அதே வழியா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: பாதி வழி. 2020-ல் அரசு கட்டுமான நிறுவனங்களின் கடனுக்குக் கடிவாளம் போட்டது, 2021-ல் எவர்கிராண்ட் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் விழுந்தது, 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்கச் சொல்லிவிட்டது. 2022-ல் கட்டி முடிக்காத வீட்டுக்குத் தவணை கட்ட மாட்டோம் என்று வாங்கியவர்கள் பல ஊர்களில் நிறுத்திக்கொண்டார்கள். அந்த வருஷக் கடைசியிலிருந்து தொழிற்சாலைப் பொருள்களின் விலை வருஷக்கணக்காக இறங்கியது. பெரிய வங்கிகள் அரசின் கையில் இருப்பதால் யமாய்ச்சி மாதிரித் திடீர்ச் சரிவு வராது, ஆனால் மூடிவைப்பது அங்கே இன்னும் சுலபம். ஜப்பான் பணக்கார நாடான பிறகு மாட்டியது, சீனா அதற்கு முன்பே.

கேள்வி: குமிழி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிளாட் வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: வாங்குகிறவர்கள் சொந்தப் பணத்தில் வாங்குகிறார்களா, கடனிலா என்று பாருங்கள். 2000-ல் இணையக் கம்பெனிப் பங்குகள் சரிந்தபோது அமெரிக்கா லேசாகத்தான் தடுமாறியது, 2008-ல் வீட்டுக்கடன் சரிந்தபோது உலகமே படுத்தது. உங்கள் பிளாட்டுக்கு வாடகை மாதம் 15,000 ரூபாயும் வங்கித் தவணை 50,000 ரூபாயும் என்றால், மிச்சம் 35,000 ரூபாயை எதிர்கால விலையேற்றத்தை நம்பிக் கட்டுகிறீர்கள். குடியிருக்கத்தான் என்றால் தவணை தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள், விற்று லாபம் பார்க்க என்றால் வேண்டாம்.

கேள்வி: ஜப்பான் பங்குச் சந்தையில் பழைய உச்சம் திரும்ப வந்ததா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: வந்தது. அங்கே பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பர் 29-ல் 38,915-ல் முடிந்தது. அதைத் தாண்டியது 2024 பிப்ரவரி 22-ல். முப்பது வயதில் உச்சத்தில் வாங்கியவருக்கு அன்றைக்கு அறுபத்துநாலு.