வேதியியல் கேள்வி – பதில்: அரை நியூட்ரான் உண்டா?

குளோரினின் அணு எண் 17, அணு நிறை 35.5. கழித்துப் பார்த்தால் 18.5 நியூட்ரான் வருகிறது. அரை நியூட்ரான் எப்படி இருக்க முடியும்?
– பத்தாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

இருக்க முடியாது. உங்கள் சந்தேகம் மிகச் சரி, கழித்த எண்தான் தவறு. அணு எண்ணை (புரோட்டான்களின் எண்ணிக்கையை) நிறை எண்ணிலிருந்து கழிக்க வேண்டும், அணு நிறையிலிருந்து அல்ல. நிறை எண் என்பது ஒரே ஓர் அணுவின் உட்கருவில் இருக்கும் புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை. எண்ணிக்கை என்பதால் எப்போதும் முழு எண்ணாகவே இருக்கும். அட்டவணையில் அச்சிட்டிருக்கும் அணு நிறையோ, இயற்கையில் கிடைக்கும் எல்லா ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறுபடும் அணு வகைகளின்) சராசரி. வகுப்பின் சராசரி மதிப்பெண் 35.5 என்றால் யாரோ ஒருவர் 35.5 வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லையே!

இயற்கையில் 100 குளோரின் அணுக்களை எடுத்தால் ஏறக்குறைய 76 அணுக்களின் நிறை எண் 35 (18 நியூட்ரான்), மீதி 24 அணுக்களின் நிறை எண் 37 (20 நியூட்ரான்). 76 × 35 = 2660. 24 × 37 = 888. கூட்டினால் 3548, நூறால் வகுத்தால் 35.48. இதைத்தான் 35.5 என்று எழுதுகிறோம். பலர் 35-ஐயும் 37-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 36 என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு வகையும் சம அளவில் இருந்தால்தான் அது சரி.

சோடியம், அலுமினியம், ஃபுளூரின், பாஸ்பரஸ் ஆகியவற்றுக்கு இயற்கையில் ஒரே ஓர் ஐசோடோப்புதான். அதனால் அணு நிறையை முழுமையாக்கிக் கழித்தாலும் விடை சரியாக வந்துவிடும். இந்தத் தனிமங்களை வைத்துப் பழகுவதால்தான் தவறான பழக்கம் வேரூன்றிவிடுகிறது. புரோமினில் அது வசமாக மாட்டிக்கொள்ளும். அதன் அணு நிறை 79.9, அணு எண் 35. முழுமையாக்கி 80 − 35 = 45 என்று போட்டால் விடை முழு எண்ணாக, அழகாகத்தான் வரும். ஆனால் நிறை எண் 80 கொண்ட புரோமின் இயற்கையில் இல்லை. 79-ம் 81-ம் ஏறத்தாழ பாதிக்குப் பாதி இருக்கின்றன, நியூட்ரான்கள் 44 அல்லது 46. ஆகவே வினாத்தாளில் நிறை எண் கொடுத்திருந்தால் மட்டும் கழியுங்கள்.

பொட்டாசியத்துக்கு 2, 8, 9 என்று எழுதினேன். மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான் வரை இருக்கலாம்தானே? ஏன் மதிப்பெண் தரவில்லை?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், தென்காசி

18 என்ற எண்ணைத் தரும் 2n² சூத்திரம் (n என்பது கூட்டின் வரிசை எண்) சொல்வது ஒரு கூட்டின் கொள்ளளவை மட்டும்தான். எந்த வரிசையில் நிரம்பும் என்பதை அது சொல்லாது. வெளிக்கூட்டில் 8-க்கு மேல் எலக்ட்ரான் இருக்காது என்ற விதி தனியாக இருக்கிறது. மூன்றாம் கூட்டில் 8 நிரம்பிய பிறகு, 19-ஆவது எலக்ட்ரானுக்கு நான்காம் கூட்டின் முதல் துணைக்கூடு ஆற்றல் குறைந்த இடம். ஆகவே பொட்டாசியம் 2, 8, 8, 1. கால்சியம் 2, 8, 8, 2. மூன்றாம் கூடு மறுபடி நிரம்பத் தொடங்குவது அதற்கடுத்த ஸ்காண்டியத்தில்தான்: 2, 8, 9, 2.

விதியை மனப்பாடம் செய்வதைவிடப் பொட்டாசியத்தின் நடத்தையைப் பாருங்கள். லித்தியம், சோடியம் போலவே அதுவும் ஒரே ஓர் எலக்ட்ரானை எளிதில் இழக்கிறது, இணைதிறன் 1, தண்ணீர் பட்டால் தீப்பற்றும் அளவுக்கு வினைபுரிகிறது. வெளிக்கூட்டில் ஒன்று இருந்தால்தான் இது பொருந்தும், ஒன்பது இருந்தால் பொருந்தாது.

ஒரு மோல் ஆக்சிஜனின் நிறை 16 கிராமா, 32 கிராமா? இரண்டு புத்தகங்களில் இரண்டு விதமாக இருக்கிறது.
– தனித்தேர்வர், ஈரோடு

இரண்டும் சரி. மோல் என்பது 6.022 × 10²³ துகள்கள் கொண்ட தொகுதி, இந்த எண்ணுக்கு அவகாட்ரோ எண் என்று பெயர். ஒரு மோல் ஆக்சிஜன் அணுக்கள் 16 கிராம், ஒரு மோல் ஆக்சிஜன் மூலக்கூறுகள் 32 கிராம். மோல் கணக்கில் கைவைக்கும் முன் எந்தத் துகளை எண்ணப் போகிறோம் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். தவறுகளில் பெரும்பாலானவை அந்த வரி இல்லாததால்தான் வருகின்றன.

9 கிராம் நீரை எடுத்துக்கொள்வோம். நீரின் மூலக்கூறு நிறை 18. 9-ஐ 18-ஆல் வகுத்தால் 0.5 மோல் மூலக்கூறுகள். 6.022 × 10²³-ஆல் பெருக்கினால் 3.011 × 10²³ மூலக்கூறுகள். ஒரு மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். எனவே ஹைட்ரஜன் அணுக்கள் 6.022 × 10²³, ஆக்சிஜன் அணுக்கள் 3.011 × 10²³, மொத்த அணுக்கள் 9.033 × 10²³. "அணுக்கள் எத்தனை" என்று கேட்டிருக்க, மூலக்கூறுகளோடு நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும்.

வகுப்பதா, பெருக்குவதா என்று குழம்பினால் ஒரு சோதனை. கொடுத்த நிறை மூலக்கூறு நிறையைவிடக் குறைவாக இருந்தால் மோல் எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழேதான் வர வேண்டும். 9 கிராம் நீருக்கு 162 மோல் என்று வந்தால் பெருக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒரு மோலின் கனஅளவு என்று 22.4 லிட்டரை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். அது 0° செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் உள்ள வாயுவுக்கு மட்டும். ஒரு மோல் திரவ நீர் ஏறக்குறைய 18 மி.லி.தான், ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம்.

அவகாட்ரோ எண்ணின் மதிப்பு 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்று துல்லியமாக நிர்ணயிக்கப்பட்டு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களை வைத்து மோலை வரையறுத்தார்கள். சில பாடநூல்களில் 6.023 என்றும் இருக்கும். உங்கள் புத்தகத்தில் உள்ளதையே கணக்கு முழுக்கப் பயன்படுத்துங்கள்.

கற்பூரம் எரிவது பதங்கமாதலா?
– எட்டாம் வகுப்பு மாணவர், கடலூர்

இல்லை. திடப்பொருள் திரவமாகாமல் நேரடியாக ஆவியாவதே பதங்கமாதல், மூடாமல் வைத்த கற்பூரம் நாளாக நாளாகச் சிறுத்துப்போவதுதான் அது. அங்கே ஆவியாகப் போவதும் கற்பூரமே, குளிர வைத்தால் திரும்பக் கிடைக்கும். தீ வைத்தால் அந்த ஆவி ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆகிறது, கொஞ்சம் கரியும் படியும். அது வேதிமாற்றம், கற்பூரம் திரும்பி வராது.

உப்போடு கலந்த கற்பூரத்தைப் பிரித்துக் காட்டும்போது நேரடித் தீ வேண்டவே வேண்டாம். கற்பூர ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். பீங்கான் கிண்ணத்தில் கலவையை வைத்து, புனலைக் கவிழ்த்து, அதன் தண்டைப் பஞ்சால் தளர்வாக அடைத்து, கிண்ணத்தை வெந்நீரின் மேல் வையுங்கள். புனலின் வெளிப்புறம் ஈரத்துணி சுற்றினால் படிவு நன்றாகச் சேரும். துணியிலிருந்து தண்ணீர் கிண்ணத்துக்குள் சொட்டினால் உப்பு கரைந்துவிடும், பிழிந்துவிட்டுச் சுற்றுங்கள்.

50 மி.லி. தண்ணீரும் 50 மி.லி. எத்தனாலும் கலந்தால் 100 மி.லி. வரவில்லை. நிறை அழியாது என்பது பொய்யா?
– பதினொன்றாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

அழியாமல் இருப்பது நிறை. கனஅளவுக்கு அந்த விதி கிடையாது. தண்ணீர் 50 கிராம், எத்தனால் சுமார் 39.5 கிராம், கலவை சுமார் 89.5 கிராம். தராசில் மாற்றமே தெரியாது. கனஅளவு மட்டும் 97 மி.லி.க்கு அருகில் நிற்கும். இரு வகை மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்த்து, தனித்தனியே இருந்ததைவிட நெருக்கமாக அமைகின்றன.

அளக்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கலந்ததும் சூடாகும், ஆறிய பிறகே அளவைப் பாருங்கள். எத்தனாலை வேறு அளவுசாடியிலிருந்து ஊற்றினால் சுவரில் ஒட்டிய துளிகளும் குறைவில் சேர்ந்துகொள்ளும், சொட்டுச் சொட்டாக முழுவதும் வடியவிட வேண்டும்.

எத்தனால் கிடைக்காவிட்டால் சமையல் உப்பே போதும். 36 கிராம் உப்பின் சொந்தக் கனஅளவு ஏறக்குறைய 16.6 மி.லி. 100 மி.லி. தண்ணீரில் கரைத்தால் 116.6 வராது, 113 மி.லி. அளவில் நிற்கும். அறை வெப்பநிலையில் அதற்கு மேல் உப்பு அநேகமாகக் கரையாது என்பதால், கடைசிப் படிகம் மறையும்வரை பொறுமையாகக் கலக்குங்கள்.